லயத்துக்குப் பின்னால் ஒரு காடு

தேவாங்கும் சிறுத்தையும் தவளையும் புழங்கும் மலையகத்தின் இரவுக் காடு, தேயிலைத் தோட்டங்களின் ஓரத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் காசு கொடுக்கிறார்கள். அதோடு வாழ்கிறவர்களுக்கு என்ன மிஞ்சுகிறது?

இலங்கையின் மிகப் பெரிய இரவுக் காட்டு நடைக்கு விளம்பரம் கிடையாது. டிசம்பர் மாத உந்துவப் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரைக்கும், நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்குகிற கூட்டம் நடுச்சாமத்திலேயே சிவனொளிபாதமலை ஏறத் தொடங்கிவிடுகிறது. கைக்குழந்தையோடு தாய்மார், கைத்தடி ஊன்றிய பாட்டிமார், காலியிலிருந்தும் கண்டியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள். முதலில் தேயிலை மலைகளுக்கு நடுவே பாதை போகிறது. தேயிலை முடிந்த இடத்தில் காடு ஆரம்பம். 2,243 மீற்றர் உயரத்து உச்சியில் சூரியன் எழுவதைக் காணும்வரை அந்தக் காடு இரண்டு பக்கமும் கூடவே வருகிறது.

பாதை நெடுக மின்விளக்கு. இடையிடையே தேநீர்க் கடை. ஏறுகிறவர்களின் கவனமெல்லாம் அடுத்த படியில்தான். விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில், உலகில் வேறெங்குமே இல்லாத தவளைகள் கத்திக்கொண்டிருப்பதை யாரும் நின்று கேட்பதில்லை. சிவனொளிபாதமலைக் காடு இருபதாயிரம் ஹெக்டேயருக்கு மேல் பரந்தது. ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்த்து 2010 இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது.

மலையகத்துக் காட்டு விலங்குகள் என்றாலே ஹோர்ட்டன் சமவெளியைத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தத் தேசியப் பூங்காவை விட்டு மாலை 6 மணிக்குள் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். இரவில் அங்கே நடக்க உல்லாசப் பயணிக்கு அனுமதியில்லை. விலங்குகளுக்கோ பூங்காவின் எல்லைக்கல் ஒரு பொருட்டேயில்லை. தோட்டத்து ஓடைக்கரை, முகட்டில் வெட்டாமல் விட்ட காட்டுத் துண்டு, கைவிடப்பட்டுப் பற்றையாகிப்போன தேயிலை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவு என்று எல்லா இடத்திலும் அவை புழங்குகின்றன. அந்த இடங்களுக்கெல்லாம் மிக அருகில் இருப்பவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். இரவுக் காட்டின் ஆபத்து அவர்கள் பங்குக்கும், அதன் வருமானம் வேறு யாருடையவோ பங்குக்கும் போய்ச் சேருகிறது. இந்தக் கணக்கைத் திருத்தாமல் காட்டைக் காப்பாற்ற முடியாது.

ஐயாயிரம் அடிக் கோடு

மலையகத்தின் இன்றைய வரைபடம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போடப்பட்டது. 1840 இன் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையெல்லாம் அரசுக்குச் சொந்தமாக்கியது. அந்தக் காடுகள் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. மரம் வெட்டும் வேலைக்குப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் வந்தார்கள். வெட்டி எரித்த நிலத்தில் கோப்பி நடவும் பறிக்கவும், திருச்சி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் ஆள்சேர்த்த கங்காணிகளின் பின்னால் கடல் கடந்து, மன்னாரிலிருந்து வன்னிக் காட்டு வழியே மலைக்கு நடந்தன. அந்த நடையில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானவர்கள் ஏராளம். இந்த மக்களின் வரலாறே ஒரு காட்டு நடையில்தான் தொடங்குகிறது.

1870களின் இறுதியில் கோப்பி ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரில் பரவியிருந்தது. 1869 இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அதை அடியோடு விழுத்தியது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே, 1867 இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி போன இடத்துக்கெல்லாம் தேயிலை வந்தது.

இதற்கிடையே ஒரு நல்ல காரியமும் நடந்தது. கியூ தாவரவியல் தோட்டத்தின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடக்கூடாது என்று 1873 இல் கொலனி அரசுக்கு ஆலோசனை சொன்னார். முகில் தங்கும் அந்த உயரத்துக் காடுதான் ஆறுகளுக்கு நீர் ஊட்டுகிறது என்பது இன்று பள்ளிக்கூடப் பாடம். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து இறங்கிக் களனி கங்கையாகின்றன. கொழும்புக்காரர் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. ஹூக்கர் போட்ட கோட்டுக்கு மேலே காடு ஓரளவுக்கு மிஞ்சியது. கோட்டுக்குக் கீழே துண்டு துண்டாகத்தான் எஞ்சியிருக்கிறது.

மரத்தைத் தப்பவிட்ட கொலனிக்காலம் விலங்குகளைத் தப்பவிடவில்லை. மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் என்ற அதிகாரி 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845 இல் மின்னல் தாக்கிச் செத்த அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. 1848 இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்தினார். மலைநாட்டில் யானை அநேகமாக இல்லாமலே போயிற்று. மரை தப்பியது, அதைத் தின்னும் சிறுத்தையும் தப்பியது. புலியோ சிங்கமோ இல்லாத இந்தத் தீவில் சிறுத்தைக்கு மேலே வேறு வேட்டை விலங்கு கிடையாது.

ஏழு மணிக்குப் பிறகு

மலையகத்தில் இரவு நடைக்குச் சரியான நேரம் பொழுது சாய்ந்த முதல் இரண்டு மூன்று மணித்தியாலம். அதுவும் மழை விட்ட கையோடு போனால், கண்ணுக்கு முன்னே காதுக்கு வேலை வந்துவிடும். தேயிலைக் கானில், ஓடைக்கரைப் புல்லில், இஞ்சிச் செடி போன்ற அகல இலைகளில் உட்கார்ந்து ஆண் தவளைகள் அழைக்கின்றன. ‘டிக், டிக்’ என்று ஒன்று. நாக்கால் அண்ணத்தைத் தட்டியது போல இன்னொன்று. பல இனங்கள் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சமே பெரியவை. சத்தத்தின் திசையில் டோர்ச் அடித்தால் சத்தம் நின்றுவிடும். விளக்கை அணைத்துவிட்டுப் பொறுத்திருந்தால் மறுபடி தொடங்கும்.

இந்தச் சின்னப் புதர்த் தவளைகள் தலைப்பிரட்டை என்ற கட்டத்தையே தாண்டிவிட்டவை. மண்ணில் ஈரச் சருகுக்கடியில் முட்டையிடுகின்றன. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து குட்டித் தவளையாகவே வெளியே வருகின்றன. மத்திய மலைநாட்டிலுள்ள ஓர் இனம் இலையின் அடிப்பக்கத்தில் முட்டையை ஒட்டிவைக்கிறது. குளமும் குட்டையும் இல்லாத செங்குத்துச் சரிவில் வாழ அவை கண்ட வழி இது. ஆனால் அந்த முட்டை காயாமல் இருக்கக் காற்றில் எப்போதும் ஈரம் வேண்டும். ஈரத்தைப் பிடித்து வைப்பது காட்டின் நிழல். நிழலை வெட்டினால் தவளையை யாரும் கொல்ல வேண்டியதேயில்லை, அது தானே போய்விடும்.

2002 இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் மாதவ மீகஸ்கும்புர, ரொஹான் பெத்தியாகொட ஆகியோரடங்கிய குழு வெளியிட்ட கட்டுரை உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. இந்தச் சின்னத் தீவில் அதுவரை அறியப்படாத தவளை இனங்கள் நூறளவில் இருக்கின்றன என்று அது காட்டியது. இன்று இலங்கையில் 120க்கு மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுவிட்டன. பத்தில் ஒன்பது இந்த மண்ணுக்கே உரியவை. பழைய அருங்காட்சியகப் போத்தல்களில் மட்டுமே மிஞ்சி, காட்டில் காணாமலே போன இனங்கள் ஏறத்தாழ இருபது. இவ்வளவு தவளை இனங்களை இழந்த நாடு வேறில்லை.

ஆனால் காணாமல் போனவற்றில் சில திரும்பி வந்ததும் உண்டு. இராணுவ வைத்தியராக நுவரெலியாவில் பணியாற்றிய, இலங்கையிலேயே பிறந்த எட்வர்ட் கெலார்ட், 1853 இல் வெண்புள்ளி தெளித்த மரத்தவளை ஒன்றை விவரித்து எழுதினார். அதற்குப் பிறகு அதை யாரும் காணவில்லை. அழிந்துபோன இனமென்று உலகப் பட்டியலில் எழுதியாயிற்று. 2009 இல் மெண்டிஸ் விக்கிரமசிங்க குழுவினர் சிவனொளிபாதமலைக் காட்டில் அதை உயிரோடு கண்டார்கள். அதே காட்டிலிருந்து 2013 இல் எட்டுப் புதிய தவளை இனங்களை அதே குழு அறிவித்தது. உச்சிக்குப் போகிற இலட்சக்கணக்கான யாத்திரிகர்களுக்குப் பக்கத்திலேயே அவை அதுவரை பெயரில்லாமல் கத்திக்கொண்டிருந்தன.

கையில் அகப்படும் உறக்கம்

தவளை விழித்திருக்கும் நேரத்தில் ஓணான்கள் உறங்குகின்றன. பகலில் பாசி படிந்த கிளையோடு கிளையாக நிற்பதால், பக்கத்தில் போனாலும் அவற்றைப் பிரித்தறிய முடியாது. இரவிலோ மெல்லிய குச்சியின் நுனியில் கையைக் காலை மடக்கித் தூங்கும் உடம்பு, டோர்ச் வெளிச்சத்தில் வெளிறித் தெரியும். குச்சி நுனியைத் தேர்ந்தெடுப்பதில் கணக்கு இருக்கிறது. பாம்பு ஏறினால் குச்சி அசையும், ஓணான் விழித்துக்கொள்ளும்.

மூக்கின்மேல் வெள்ளைக் கொம்பு நீட்டிய காண்டாமிருக ஓணானை ஹோர்ட்டன் சமவெளியிலும் ஹக்கலையிலும் காணலாம். குட்டை ஓணான் என்று சொல்லத்தக்க இன்னொன்று, வாலைக் கிளையில் சுருட்டிப் பிடித்துக்கொள்ளும். குளிர் மிகுந்த மலையில் வெளியே இட்ட முட்டை பிழைக்காது என்பதாலோ என்னவோ, அது குட்டி போடுகிறது. கறுப்புக் கன்னமுள்ள பச்சை ஓணான் காட்டோடு நிற்காமல் நுவரெலியா வீட்டு வேலிக்கும் தேயிலை ஓரத்துக்கும் வரும்.

இந்த உறக்கமே அவற்றுக்கு எமனாகவும் ஆகிறது. தூங்கும் ஓணானை இலையைப் போலப் பறித்துவிடலாம். ஐரோப்பாவில் செல்லப்பிராணியாக வளர்க்க இவற்றுக்குக் கள்ளச் சந்தை இருக்கிறது. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019 இல் கொழும்பில் நடக்க இருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளால் அது ஜெனிவாவுக்கு மாறியது. இலங்கையின் கொம்பு ஓணான்களும் குட்டை ஓணானும் கறுப்புக் கன்ன ஓணானும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது அந்த மாநாட்டில்தான். ஆகவே இரவில் டோர்ச்சோடு திரியும் அந்நியர் எல்லோரும் இயற்கை ஆர்வலர் என்று நம்பிவிடக் கூடாது. அவர்கள் கையில் பை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அந்த ஊர்க் கண்தான் வேண்டும்.

எழுபது ஆண்டு கழித்து ஒரு படம்

ஹோர்ட்டன் சமவெளியின் மலைத் தேவாங்கின் கதை, இரவு நடையின் பயனுக்கு நல்ல சாட்சி. 1937 இல் அது முதலில் கிடைத்தது. 1942 இல் ஒஸ்மன் ஹில் அதைத் தனித் துணையினமாக விவரித்தார். கீழ்நாட்டுத் தேவாங்கைவிடக் கைகால் குட்டை, உடம்பில் அடர்ந்த உரோமம். இரவில் உறைபனி விழும் சமவெளிக்கு ஏற்ற போர்வை. 1939 முதல் 2002 வரை யாருமே அதைக் காணவில்லை. அழிந்துவிட்டதென்றே பலர் எண்ணினார்கள்.

லண்டன் விலங்கியல் சங்கமும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் சேர்ந்து 120 காட்டுப் பகுதிகளில் இரவு இரவாகத் தேடின. தலைவிளக்கைச் சிவப்புத் தாளால் மூடிக்கொண்டு மெதுவாக நடப்பதும், மரக்கிளைகளில் இரட்டைப் புள்ளியாக மின்னும் கண்களைத் தேடுவதும்தான் வேலை. இரவு விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒரு பளபளப்புப் படலம் உண்டு. குறைந்த ஒளியை இருமுறை பயன்படுத்திக்கொள்ள அமைந்த அந்தப் படலம், நம் விளக்கையும் திருப்பி அனுப்பிவிடுகிறது. தேவாங்கின் கண் செம்மஞ்சளாக எரியும். அப்படி எரிந்த ஒரு கண்ணைத் தொடர்ந்து போய் எடுத்த மலைத் தேவாங்கின் முதல் படங்கள் 2010 ஜூலையில் உலகப் பத்திரிகைகளில் வந்தன. சுமார் 20 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஆண் தேவாங்கு ஒன்று கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக்காட்டிய ஆபத்தும் முக்கியமானது. தேவாங்கு மரத்தை விட்டு நிலத்துக்கு இறங்கி நீண்ட தூரம் போகாது. தேயிலைப் பாத்திக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் நடுவே தனித்துப்போன காட்டில் அது சிறைப்பட்டுவிடுகிறது. இரண்டு காட்டுத் துண்டுகளை இணைக்கும் ஓடைக்கரை மரவரிசை ஒன்று இருந்தால் அது தப்பும். தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேயரை 2022 இல் கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். மலையகத்தில் அவ்வளவு பெரிய துண்டைப் புதிதாக ஒதுக்க இடமில்லை. இங்கே வேண்டியது ஒதுக்கிடம் அல்ல, இணைப்பு. அந்த இணைப்பு ஓடுவது தோட்டக் கம்பனிகளின் காணிக்குள்ளே.

இரவு நடைக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை தாண்டிக் கீழே இறங்கினால் கித்துல்கல வரும். மலைக் குளிர் விட்டுத் தாழ்நில மழைக்காடு தொடங்கும் இடம் அது. அங்கே 1995 இல் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட, எந்தப் பதிவோடும் பொருந்தாத ஓர் ஆந்தைக் குரலைக் கேட்டார். ஆறு ஆண்டு கழித்து, 2001 ஜனவரியில் சிங்கராஜா மழைக்காட்டில், குரலுக்குரிய முகம் தெரிந்தது. 2004 இல் அது புதிய இனமாக விவரிக்கப்பட்டது. இலங்கையில் 132 ஆண்டுகளுக்குப் பிறகு பெயர் பெற்ற புதிய பறவை அந்தச் செம்பழுப்புச் சிற்றாந்தை. 1970களில் சிங்கராஜாவை மரம் வெட்டும் திட்டத்திலிருந்து காப்பாற்றப் போராடிய திலோ ஹொஃப்மனின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். நூறு ஆண்டுக்கு மேல் பறவை ஆய்வாளர்கள் நடந்து பழகிய காட்டில், இருட்டில் காதைத் தீட்டிக் கேட்டவருக்கே அது கிடைத்தது.

சுருக்குக் கம்பி

2019 இன் இறுதியில் மலைநாட்டில் கருஞ்சிறுத்தை ஒன்று வனசீவராசிகள் திணைக்களத்தின் கமராவில் பதிவானது. நாடே அதைப் பேசியது. கருஞ்சிறுத்தை தனி இனமன்று. ஒடுங்கு மரபணு ஒன்று தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் சேர்ந்து வந்தால் சாதாரணச் சிறுத்தைக்கே கறுப்புக் குட்டி பிறக்கும். 2020 மே 26 ஆம் திகதி, கொவிட் முடக்கம் நடந்துகொண்டிருந்தபோது, நல்லதண்ணியில் லக்ஷபான தோட்டத்துக் காய்கறிப் பாத்தி அருகே கருஞ்சிறுத்தை ஒன்று கழுத்தில் சுருக்குக் கம்பியோடு கிடந்தது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். 29 ஆம் திகதி செத்தது.

அந்தக் கம்பி சிறுத்தைக்கு வைத்ததாக இராது. மலையகத்தில் சுருக்கு வைப்பது பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு. லீக்சும் கரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட பாத்தியை ஒரே இரவில் பன்றிக் கூட்டம் கிளறிவிட்டுப் போய்விடும். கடன் வாங்கி நட்டவனுக்கு அது ஒரு போகத்தின் சோறு. மோட்டார் சைக்கிளின் பிரேக் கேபிளே சுருக்குக்குப் போதும். காட்டுக்கும் பாத்திக்கும் இடையே விலங்குகள் வழக்கமாகப் போகும் தடத்தில் அதைக் கட்டிவிட்டு வந்துவிடலாம். பன்றி போகும் தடத்திலேயே சிறுத்தையும் மரையும் போகின்றன. இழுக்க இழுக்க இறுகுவது சுருக்கின் குணம். இடுப்பில் மாட்டிய சிறுத்தை வெளியே காயமில்லாமல் தெரிந்தாலும் உள்ளுறுப்பு நசிந்து பின்னர் செத்துவிடும். இறைச்சிக்காக வைப்பவர்களும் உண்டு. ஏழைக் குடியானவனின் நியாயத்தை அவர்களுக்கும் நீட்ட முடியாது.

1937 இன் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சிறுத்தையைக் கொல்வதைக் கடுமையான குற்றமாக்கியிருக்கிறது. இலங்கைச் சிறுத்தை வேறெங்கும் இல்லாத துணையினம். முழு வளர்ச்சியடைந்தவை ஆயிரத்துக்கும் குறைவு. அஞ்சலி வொட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகியோரின் வனாந்தர, வனசீவராசிகள் பாதுகாப்பு நம்பிக்கை நிதியம் பல ஆண்டுகளாக ஹட்டன் பக்கத் தோட்டங்களில் தானியங்கிக் கமரா வைத்து ஆராய்கிறது. தேயிலைக்கு நடுவிலுள்ள சின்னச் சின்னக் காட்டுத் துண்டுகளைத் தொட்டுத் தொட்டே சிறுத்தைகள் நடமாடுகின்றன, குட்டி வளர்க்கின்றன என்பது இவ்வகை ஆய்வுகளில் தெளிவாகிவரும் செய்தி. பூங்காவுக்குப் போகிற சிறுத்தை வழிதவறித் தோட்டத்துக்கு வந்துவிட்டது என்ற பேச்சு அதனால் பொருந்தாது. அது தோட்டத்துச் சிறுத்தைதான்.

அப்படியென்றால் லயத்தில் உள்ளவர்களின் பயம் வெறும் பயமில்லை. தேயிலைச் செடிக்குள் படுத்திருக்கும் சிறுத்தை, கொழுந்து பறிக்க வந்தவர்கள் எதிர்பாராமல் கிட்டப் போகும்போது பாய்ந்து காயப்படுத்திய சம்பவங்கள் உண்டு. நாயைத் தேடி லயத்து வாசல்வரை வரும். பல லயங்களில் கழிவறை இன்னும் வெளியேதான். கொழுந்தை இரவெல்லாம் வாட்டி, விடியுமுன் அரைக்கத் தொடங்குவது தேயிலை ஸ்டோர் என்ற தொழிற்சாலையின் நடைமுறை. இரவு வேலை முடித்து, விளக்கில்லாத தோட்டப் பாதையில் நடந்து வீடு சேர வேண்டியவர்களுக்கு இரவு நடை பொழுதுபோக்கு அல்ல.

நடக்கப் போகிறவர்களுக்கு

சட்டம்: தேசியப் பூங்காவுக்குள்ளும் இறுக்கமான இயற்கை ஒதுக்கங்களுக்குள்ளும் இரவில் நுழையக் கூடாது. தனியார் காணியிலும் தோட்டத்திலும் உரிமையாளரின் அனுமதியோடு, ஊரறிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

விளக்கு: வெள்ளை வெளிச்சத்தை விலங்கின் கண்ணில் நேராக அடிக்காதீர்கள். சிவப்பு வெளிச்சம் அவற்றை அதிகம் தொந்தரவு செய்யாது. தவளைக்குப் படப்பெட்டியின் ஃபிளாஷ் வேண்டாம்.

கை: எதையும் தொடாதீர்கள். தவளைத் தோல் நம் கையிலுள்ள எண்ணெயையும் கொசுத்தைலத்தையும் உறிஞ்சிவிடும். குச்சியில் உறங்கும் ஓணானை எழுப்பினால் இருட்டில் வேறு இடம் தேட அதற்கு முடியாது.

கால்: அட்டைக்கு அஞ்ச வேண்டாம், தோட்டத்து ஆட்கள் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வார்கள். அஞ்ச வேண்டியது சருகில் சுருண்டு கிடக்கும் கூர்மூக்கு விரியனுக்கு. சிங்களத்தில் அதைக் குணகட்டுவா என்பார்கள். இலங்கையில் அதிகம் பேரைக் கடிக்கும் நச்சுப் பாம்பு அது. வழக்கமாகக் கொடுக்கும் இந்திய விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது. முழங்கால்வரை சப்பாத்து போடுங்கள், காலடி வைக்குமுன் வெளிச்சம் அடியுங்கள்.

சிறுத்தையைக் கண்டால்: ஓடாதீர்கள், குனியாதீர்கள். கூட்டமாக நின்று, அது போக வழிவிட்டு, மெதுவாகப் பின்வாங்குங்கள்.

இரவின் கணக்கு

துரைமார் பங்களாக்கள் பல இன்று விடுதிகள். அங்கே தங்க வருகிறவர்கள் தேநீரோடு காட்டையும் கேட்கிறார்கள். கித்துல்கலவிலும் சிங்கராஜா ஓரத்திலும் இரவு நடை ஏற்கெனவே தொழிலாகிவிட்டது, ஹட்டன், நுவரெலியாப் பக்கமும் அது வரத்தான் போகிறது. யாரை வழிகாட்டியாக வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கொழும்பில் பயிற்சி பெற்று வார இறுதியில் வரும் இளைஞருக்கு விலங்கியல் பெயர் தெரிந்திருக்கும். எந்தக் கானில் எந்த மாதம் எந்தத் தவளை கத்தும், எந்தப் பாறையில் சிறுத்தை வெயில் காயும், எந்தத் தடத்தில் யார் கம்பி கட்டுகிறார்கள் என்பது லயத்துப் பிள்ளைக்குத் தெரியும். முதலாவதைச் சில மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். இரண்டாவதை எந்தப் பாடநெறியும் தராது.

தமிழ்நாட்டின் வால்பாறையில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. அதுவும் தேயிலை மலை, தொழிலாளர்களாக வந்து குடியேறியவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். காட்டைச் சுற்றி வெட்டித் தோட்டமாக்கிய கதையும் அதேதான். அங்கே யானை நடமாட்டத்தைக் கைபேசிக் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகவும் அறிவிக்கும் ஏற்பாட்டை நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் தொடங்கியது. யானை அருகே இருந்தால் தோட்டத்து மக்களே கைபேசியால் ஏற்றக்கூடிய சிவப்பு விளக்குகளையும் நட்டது. யானையால் வரும் உயிரிழப்பு குறைந்தது. சிறுத்தை அங்கே குழந்தைகளைக் கொன்ற துயரங்கள் நடந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் தீர்வு கண்டாயிற்று என்று சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கை தருகிறவர்களும் பெறுகிறவர்களும் தோட்டத்து மக்களே என்றானபோது, காட்டைப் பற்றிய பேச்சு அங்கே மாறியது.

மலையகத்தில் இதைச் செய்யப் பெரிய பணம் தேவைப்படாது. லயத்துக்கும் கழிவறைக்கும் இடையே விளக்கு. லயத்தைச் சுற்றிக் குப்பை சேராமல் அள்ளுவது, அப்போதுதான் நாயும் பின்னாலேயே சிறுத்தையும் வராது. பன்றியால் பாத்தி இழந்தவருக்கு இழுத்தடிக்காத நட்டஈடு. ஓடைக்கரையில் இருபுறமும் மரம். அந்த மரத்தடியில் களைநாசினி அடிக்காமல் விடுவது. இரவு நடை நடத்தும் விடுதி, ஒவ்வொரு நடையிலும் ஒரு தோட்டத்து இளைஞரைக் கூலிக்கு அமர்த்துவது. பகலில் சுருக்குக் கம்பி தேடி அகற்றவும் அவரையே சம்பளத்துக்கு வைப்பது.

தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது. 1992 முதல் கம்பனிகள் அதை நடத்துகின்றன. அவற்றில் பல, ஏற்றுமதிப் பெட்டியில் பச்சைத் தவளைச் சின்னம் பொறிக்கும் ரெயின்போரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழைப் பெற்றிருக்கின்றன. இயற்கைக் காட்டை அழிக்கக் கூடாது, நீரோடையைக் காக்க வேண்டும், தொழிலாளியின் வாழ்நிலையைக் கவனிக்க வேண்டும் என்பவை அந்தச் சான்றிதழின் விதிகள். லண்டனிலோ டோக்கியோவிலோ அந்தத் தவளையைப் பார்த்து வாங்குகிறவர் கூடுதலாகக் கொடுக்கும் காசில், நுவரெலியாத் தவளைக்கும் அதன் குரலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் எவ்வளவு வந்து சேருகிறது என்று கம்பனிகளிடம் கேட்க அரசுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் உரிமை இருக்கிறது. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் காட்டுக்கும் ஒரு நாற்காலி போடலாம்.

பூங்காவின் எல்லைக்குள் காவலர்கள் இருக்கிறார்கள். எல்லைக்கு வெளியே தோட்டத்துக்குள் கிடக்கும் காட்டுக்குக் காவலாள் போதாது என்று வனசீவராசிகள் திணைக்களம் சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தக் காட்டின் ஓரத்தில் பல தலைமுறையாக ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவர்களை வேலைக்கு எடுப்பதுதான் பாக்கி.